வயலோரத்து முயல் சேதத்தை இணையத்தின் துணையோடு அளந்து பின்தொடர்வது எப்படி

ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் ஏப்ரல் கடைசியில் பார்லியோ, கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிரோ விதைத்த ஒருவர், பதினைந்து இருபது நாள் கழித்து வேலியோரமாக நடந்து பார்க்கும்போது, முதல் ஏழெட்டுச் சால்களில் பயிரே இல்லாமல் வெறும் மண் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். "முயல்தான்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மேய்ந்தது முயல்தானா, எவ்வளவு நிலம் போயிற்று, சென்ற ஆண்டைவிடச் சேதம் கூடியிருக்கிறதா, பக்கத்து நிலத்திலும் இதே கதைதானா என்பது எதுவும் தெரியாமலே மருந்துக்கும் ஆட்களுக்கும் பணத்தைக் கொட்டுகிறவர்கள் பலர். அந்த நாட்டில் நிலம் வைத்திருக்கும் தமிழர்களுக்கும், அங்கே பண்ணைகளில் வேலை செய்கிறவர்களுக்கும், வேளாண்மை படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில், இந்தக் கேள்விகளுக்கு முறையாக விடை தேடும் வழியை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வரைபடமும் செயற்கைக்கோள் படமும் மழைக் கணக்கும், எங்கே பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும் என்பதைக் காட்டுவதற்கு மிகவும் நல்லவை. எவ்வளவு சேதம் என்பதை மட்டும் அவை சொல்லாது. அதற்கு வயலில் குந்தி உட்கார்ந்து நாற்றை எண்ணித்தான் ஆக வேண்டும். இரண்டையும் தேதி போட்டு ஒரே பதிவேட்டில் சேர்த்து வைப்பதே இந்த முறையின் சாரம்.

எந்த முயல் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழில் 'முயல்' என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு விலங்குகளைக் குறிப்பிடுகிறோம். தமிழ்நாட்டுப் புன்செய்க் காடுகளில் நாம் பார்க்கும் காட்டு முயல் வளை தோண்டாது. புதரடியில் படுத்துக் கிடக்கும், அதன் குட்டி பிறக்கும்போதே உடம்பில் மயிரும் திறந்த கண்ணுமாகப் பிறக்கும். ஆஸ்திரேலியாவில் பயிரை அழிக்கும் ஐரோப்பிய முயலோ நிலத்துக்குள் பல வாய்களுள்ள வளைகளைத் தோண்டிக் கூட்டமாக வாழ்வது. அதன் குட்டிகள் மயிரின்றிக் கண் மூடிய நிலையில் வளைக்குள் பிறக்கின்றன. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் வளை தோண்டாத ஐரோப்பியக் காட்டு முயலும் இருக்கிறது என்பதால் குழப்பம் அங்கேயும் உண்டு. இணையத் தரவுத்தளங்களில் தேடும்போது பொதுப் பெயரை மட்டும் நம்பாமல், 'ஓரிக்டோலாகஸ் கூனிகுலஸ்' என்ற அறிவியல் பெயரைக் கொண்டு தேடினால் வளை தோண்டும் முயலின் பதிவுகள் மட்டும் வரும்.

இந்த வேறுபாடு வெறும் பெயர்ப் பிரச்சினை அன்று. வளையில் வாழும் முயல் இரவில் வெளியே வந்து பெரும்பாலும் வளையைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்ளேயே மேயும். ஆகவே சேதம் வயலின் ஒரு விளிம்பில் அழுத்தமாகவும், உள்ளே போகப்போகக் குறைந்தும் காணப்படும். நாம் அளக்கும் முறை முழுவதும் இந்தச் சரிவை வைத்தே அமைகிறது.

வெட்டுவாயைப் பாருங்கள்

கடிபட்ட ஒரு நாற்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். முயலுக்கு மேலும் கீழும் கூரிய முன்பற்கள் இருப்பதால், தண்டு கருக்கரிவாளால் சாய்வாக அறுத்ததுபோல் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும். மேல்தாடையில் முன்பற்கள் இல்லாத ஆடு மாடும் மானும் மேய்ந்திருந்தால், நுனி இழுத்துப் பிய்த்ததுபோல் நாராகத் தொங்கும். ஓடில்லா நத்தை தின்ற இலையில் ஒழுங்கற்ற ஓட்டைகளும், காலை வெயிலில் மினுக்கும் கோழைத் தடமும் இருக்கும். செஞ்சிலந்தி தாக்கிய நாற்று வெட்டுப்படாமல் வெள்ளி பூத்ததுபோல் வெளிறி நிற்கும். கங்காரு வேலியோரத்தோடு நிற்காமல் வயல் நடுவரை பரவலாக மேயும்.

அடுத்தது புழுக்கை. ஐரோப்பிய முயலின் புழுக்கை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான குறுக்களவில் உருண்டையாக, உடைத்தால் உள்ளே நார் தெரியும்படி இருக்கும். ஆண் முயல்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடுவதால் ஆங்காங்கே குவியலாகவும் கிடக்கும். வளை தோண்டாத காட்டு முயலின் புழுக்கை சற்றுப் பெரியதாகவும் தட்டையாகவும் சிதறியும் கிடக்கும். இவற்றோடு, மண்ணைச் சுரண்டிய சிறு குழிகளும் வேலிக்கு அடியில் நுழைந்து போன தடமும் இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்போதும் தீராவிட்டால், அசைவை உணர்ந்து தானே படம் எடுக்கும் கேமரா ஒன்றை முழங்கால் உயரத்தில் கட்டி நாலைந்து இரவு விட்டுவையுங்கள். ஊகத்தைவிட அது செலவு குறைந்தது.

இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றையும், அளவு தெரிவதற்காக ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து, கைப்பேசியில் இடக்குறிப்புப் பதிவாகும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் தேதியும் இடமும் சேர்ந்திருந்தால்தான் ஆறு மாதம் கழித்து அதற்குச் சான்று மதிப்பு இருக்கும்.

இணையத்தில் எதை எங்கே பார்ப்பது

முயலைப் பொறுத்தவரை முதலில் திறக்க வேண்டியது, ஆஸ்திரேலியாவின் 'ஃபெரல்ஸ்கேன்' தளத்தில் உள்ள 'ராபிட்ஸ்கேன்' பகுதி. நிலம் வைத்திருப்பவர்களும் ஊர்க்குழுக்களும் தாங்கள் கண்ட முயல்களையும், வளைகளையும், பயிர்ச் சேதத்தையும், நோய் அறிகுறிகளையும், செய்த கட்டுப்பாட்டு வேலைகளையும் வரைபடத்தில் பதியும் இடம் இது. கைப்பேசிச் செயலியாகவும் கிடைக்கிறது, கட்டணம் இல்லை. உங்கள் ஊரைத் தேடிப் பெரிதாக்கி, சுற்றுவட்டாரத்தில் சென்ற இரண்டு மூன்று ஆண்டுகளில் எந்த மாதங்களில் பதிவுகள் கூடியிருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இதனுடன் 'அட்லஸ் ஆஃப் லிவிங் ஆஸ்திரேலியா' என்ற திறந்த தரவுத்தளத்தையும் ஒப்பிட்டால் பழைய பதிவுகளும் தெரியவரும்.

இவ்விரண்டையும் படிக்கும்போது ஒரு தவறு எளிதில் நேர்ந்துவிடும். வரைபடத்தில் புள்ளி இல்லாத இடத்தில் முயல் இல்லை என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அங்கே பதிவு செய்ய ஆள் இல்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். புள்ளிகள் சாலையோரங்களிலும், சுறுசுறுப்பான குழு உள்ள ஊர்களிலும் குவிந்திருப்பதைப் பார்த்தாலே இது விளங்கும். ஆகவே புள்ளி இருந்தால் அதைத் தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் போகாதீர்கள். புள்ளியைத் தொட்டு அதன் தேதியைப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

மூன்றாவது, செயற்கைக்கோள் படங்கள். இதில் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஐரோப்பிய விண்வெளி முகமையின் 'சென்டினல்-2' செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் எடுக்கின்றன. 'கோப்பர்னிக்கஸ் பிரௌசர்' என்ற தளத்தில் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம். பயிரின் பசுமையைக் காட்டும் என்டிவிஐ குறியீட்டையும் அங்கேயே வண்ணமாகப் பார்க்க முடியும். ஆனால் படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். வேலியோரம் 20 மீட்டர் அகலத்துக்குப் பயிர் போயிருந்தால் படத்தில் அது இரண்டே புள்ளிகள். அவற்றிலும் ஒன்றில் வேலி மரத்தின் பச்சையோ சாலையின் மண்ணோ கலந்திருக்கும். குளிர்காலத்தில் மேகம் வேறு மறைக்கும். எனவே சிறிய சேதத்தைத் தொடக்கத்திலேயே பிடிக்க இது உதவாது. சேதம் பரவிய பிறகு அதன் வடிவத்தைக் காட்டுவதில்தான் இதன் பலம் இருக்கிறது. சால் போகும் திசையில் நேர்கோடாக வெறுமை இருந்தால் விதைப்புக் கருவியில் அடைப்பு என்று பொருள். தாழ்வான இடத்தில் திட்டாக இருந்தால் நீர் தேங்கியிருக்கலாம். வயலின் ஒரு விளிம்பில் தொடங்கி அரைவட்டமாக உள்நோக்கி விரிந்துகொண்டே போனால், அந்த அரைவட்டத்தின் மையத்துக்கு அருகே வளையைத் தேடுங்கள்.

வளையைத் தேடுவதற்கு 'கூகுள் எர்த்' படங்கள் இன்னும் தெளிவானவை. மணல் மேடுகளிலும் ஓடைக் கரைகளிலும் வளைகளைச் சுற்றிப் புல் இல்லாமல் வெளிறிய திட்டுகள் தெரியும். பழைய ஆண்டுகளின் படங்களையும் அதிலேயே புரட்டிப் பார்த்து, எந்தத் திட்டு பெரிதாகிக்கொண்டே வருகிறது என்று கண்டு, அவற்றுக்கு எண் கொடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சில திட்டுகள் ஆடு படுத்த இடமாகவே இருந்துவிடும்.

கடைசியாக, ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் தளத்தில் உங்களுக்கு அருகில் உள்ள நிலையத்தின் மழைக் கணக்கை மாதந்தோறும் எடுத்து வையுங்கள். மழை பெய்து பசும்புல் தலைகாட்டியதும் முயல்கள் இனப்பெருக்கம் தொடங்கிவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 30 நாள்தான், குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடியும் சினையாகக்கூடியது. முதல் நல்ல மழை விழுந்த தேதி தெரிந்தால், வயலோரத்தில் முயல் எண்ணிக்கை எப்போது உயரத் தொடங்கும் என்பதை முன்கூட்டியே கணித்துக்கொள்ளலாம்.

வயலில் அளக்கும் முறை

அளவீட்டுக்கு அடிப்படை கம்பிவலைக் கூண்டு. விதைத்த அன்றோ மறுநாளோ, நாற்று தலைகாட்டும் முன்பே, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமான கூண்டுகளை வயலில் வைக்க வேண்டும். வலைக்கண் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, இல்லாவிட்டால் குட்டி முயல் நுழைந்துவிடும். வலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணில் புதைத்து முளையடித்தால் முயல் தோண்டி உள்ளே போகாது. வேலியிலிருந்து 20 மீட்டர், 60 மீட்டர், 100 மீட்டர் தொலைவுகளில் ஒவ்வொன்று என்று ஒரு வரிசை வையுங்கள். முடிந்தால் இத்தகைய வரிசைகள் மூன்று இருக்கட்டும். ஒவ்வொரு கூண்டுக்கும் பக்கத்தில் அதே அளவுள்ள ஒரு திறந்த சதுரத்தை நான்கு முளைகளால் அடையாளமிட வேண்டும். அந்த இடத்தைச் சேதம் தெரிந்த பிறகு தேர்ந்தெடுத்தால் கணக்கு பொய்யாகிவிடும், ஆகவே கூண்டு வைக்கும் அன்றே முளையையும் அடித்துவிடுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூண்டுக்குள் உள்ள நாற்றையும் வெளியே உள்ள நாற்றையும் எண்ணுங்கள். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கூண்டுக்குள் 150 நாற்று, வெளியே 20 மீட்டரில் 45, 60 மீட்டரில் 120, 100 மீட்டரில் 149 என்று வந்தால், இழப்பு முறையே 70 விழுக்காடு, 20 விழுக்காடு, கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வயலின் நீளம் 800 மீட்டர், வளையுள்ள பக்கத்தின் அகலம் 500 மீட்டர் என்றால் மொத்தம் 40 ஹெக்டேர். வேலியிலிருந்து 40 மீட்டர் வரையுள்ள முதல் பட்டை 2 ஹெக்டேர், அதில் 70 விழுக்காடு என்பது 1.4 ஹெக்டேர். அடுத்த 40 மீட்டர்ப் பட்டையும் 2 ஹெக்டேர், அதில் 20 விழுக்காடு 0.4 ஹெக்டேர். ஆக 1.8 ஹெக்டேர் அளவு நாற்று போயிருக்கிறது, அதாவது மொத்த வயலில் 4.5 விழுக்காடு. வேலியோரத்தைப் பார்த்துப் பாதி வயல் போயிற்று என்று பதறுவதற்கும், சாலையிலிருந்து பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடுவதற்கும் நடுவே, நம்பி முடிவெடுக்கக்கூடிய ஓர் எண் இப்போது கையில் இருக்கிறது.

ஆனால் நாற்றிழப்பும் விளைச்சல் இழப்பும் ஒன்றல்ல. இடம் கிடைத்தால் பார்லி பக்கத்தில் புதுத் தூர்கள் விட்டு ஓரளவு ஈடுகட்டிவிடும். திரும்பத் திரும்ப மேயப்பட்டால் அதுவும் முடியாது. கனோலாவில் விதையிலைக்குக் கீழே வெட்டுப்பட்ட நாற்று அதோடு முடிந்தது. அதனால் கூண்டுகளை அறுவடை வரை எடுக்காமல் வைத்திருந்து, உள்ளும் வெளியும் தனித்தனியாக அறுத்து, தூற்றி, எடை போட்டுப் பார்ப்பதே முறை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கூண்டு முயலை மட்டுமன்றிக் கங்காருவையும் ஆட்டையும்கூடத் தடுக்கும். மேய்ச்சலால் எவ்வளவு போயிற்று என்று அது சொல்லும், மேய்ந்தது எது என்பதற்கு வெட்டுவாயும் புழுக்கையும் கேமராவும் சொல்வதையே கேட்க வேண்டும்.

சேதத்தோடு முயலின் எண்ணிக்கையையும் பின்தொடர வேண்டும். இருட்டிய பிறகு ஸ்பாட்லைட்டுடன் வண்டியில் ஒரே பாதையில், மணிக்கு 10 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில், அடுத்தடுத்து மூன்று இரவுகள் சென்று எண்ணி, கிலோமீட்டருக்கு எத்தனை என்று சராசரி எடுப்பது வழக்கமான முறை. மழையோ பலத்த காற்றோ இருக்கும் இரவைத் தவிர்த்துவிடுங்கள். பகலில் வளைகளைச் சுற்றி நடந்து, புழக்கத்தில் உள்ள வாய்கள் எத்தனை, கைவிடப்பட்டவை எத்தனை என்று எண்ணுங்கள். வாயில் புதுமண் கிளறப்பட்டு, தரை வழவழப்பாகத் தேய்ந்து, புதுப் புழுக்கை கிடந்தால் புழக்கத்தில் உள்ளது. சிலந்தி வலையும் காய்ந்த இலையும் அடைத்திருந்தால் கைவிடப்பட்டது. ஸ்பாட்லைட்டைவிட இதையே நான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் வளையின் வாய் நிலவுக்கும் காற்றுக்கும் பயந்து ஒளிந்துகொள்வதில்லை.

எண்ணிக்கை சட்டென்று குறைந்தால்

ஒரு மாதம் 40 முயல் எண்ணிய பாதையில் அடுத்த மாதம் 8 தான் இருந்தால், நாம் வைத்த மருந்து வேலை செய்துவிட்டது என்று மகிழத் தோன்றும். அது நோயின் வேலையாகவும் இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் முயலைக் கட்டுப்படுத்த 1950-இல் மிக்ஸோமா வைரஸ் பரப்பப்பட்டது. 1995-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவில் ஆய்வில் இருந்த, முயலைக் கொல்லும் காலிசி வைரஸ் நிலப்பகுதிக்குத் தப்பி வந்து பரவியது. 2015-இல் அதன் இன்னொரு வகை கண்டறியப்பட்டது. 2017 மார்ச்சில் கே5 என்ற வகை நாடு முழுவதும் திட்டமிட்டு விடப்பட்டது. கண் இமை வீங்கிச் சீழ் பிடித்து, பகல் வெளிச்சத்திலேயே தள்ளாடும் முயல் மிக்ஸோமாவின் அடையாளம். காயமில்லாமல், உடல் மெலியாமல், தின்றபடியே விழுந்ததுபோல் செத்துக் கிடந்தால் காலிசி வைரஸாக இருக்கக்கூடும். அத்தகைய முயலைக் கண்டால் ராபிட்ஸ்கேனில் பதிந்து, ஆய்வுக்கு மாதிரி அனுப்பும் வசதியையும் அங்கேயே கேட்கலாம்.

இது ஏன் நம் கணக்குக்கு முக்கியம் என்றால், மிக இளம் வயதில் கே5 வகைக் காலிசி வைரஸ் தொற்றிய குட்டிகள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டு எதிர்ப்பாற்றலோடு வளர்கின்றன. ஆகவே குட்டிகள் நிறைந்திருக்கும் பருவத்தில் அந்த வைரஸை வாங்கி இரையில் கலந்து வைப்பது, அடுத்த ஆண்டுக்கு நோய் தாங்கும் முயல்களை நாமே வளர்த்துவிடுவதாக முடியும். எண்ணும்போது குட்டிகளைத் தனியே குறித்து வைக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

பக்கத்து நிலத்தையும் சேர்த்துப் பதியுங்கள்

1859 டிசம்பர் 25-ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்குக் கப்பலில் வந்து, விக்டோரியாவின் வின்செல்சியாவுக்கு அருகில் உள்ள பார்வன் பார்க் என்ற பண்ணையில் தாமஸ் ஆஸ்டினிடம் சேர்ந்தவை 24 முயல்கள். வேட்டைக்காக வளர்க்கப்பட்ட அந்தக் கூட்டத்தின் வழிவந்தவையே பெரும்பான்மையாகக் கண்டத்தை நிறைத்தன என்று 2022-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இருபத்து நான்கே விலங்குகளிலிருந்து இவ்வளவு வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, வேலிக்கு அப்பால் விட்டுவைத்த ஒரே ஒரு வளையை நினைத்துப் பாருங்கள். உங்கள் நிலத்தை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த மழைக்குப் பிறகு அங்கிருந்து மறுபடியும் வரும்.

எனவே பக்கத்து நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டு அவர் பக்கத்து வளைகளையும் எண்ணுங்கள். ஃபெரல்ஸ்கேனில் அண்டை நிலத்தார் சேர்ந்து தமக்குள் மட்டும் பார்த்துக்கொள்ளும் குழுவை அமைத்துக்கொள்ள முடியும். வீட்டின் இடம் தெரியும் படங்களையும், வண்டி எண் தெரியும் படங்களையும் பொதுவில் ஏற்ற வேண்டாம். விக்டோரியாவில் 1994-ஆம் ஆண்டின் நீர்ப்பிடிப்பு மற்றும் நிலப் பாதுகாப்புச் சட்டப்படி, முயல் பரவாமல் தடுப்பதும் இயன்றவரை ஒழிப்பதும் நிலம் வைத்திருப்பவரின் கடமை என்பதால், தேதியிட்ட பதிவுகள் உங்கள் தரப்புக்கு நல்ல சான்றாகவும் நிற்கும்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலக்கடலை, பயறு விதைத்த காட்டில் காட்டு முயல் நாற்றைக் கடித்திருந்தால், கூண்டு வைத்து எண்ணும் முறையும் தேதியிட்ட படங்களும் அப்படியே பயன்படும். ஆனால் அது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட நம் நாட்டு விலங்கு. அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். ஆஸ்திரேலியாவில் செய்யும் மருந்தையும் வளை உடைப்பையும் இங்கே யோசிக்கவே கூடாது.

பதிவேட்டுக்கு எக்செல் தாள் ஒன்று போதும். தேதி, வரிசை எண், வேலியிலிருந்து தொலைவு, கூண்டுக்குள் நாற்று, வெளியே நாற்று, புழக்கத்தில் உள்ள வளை வாய்கள், கிலோமீட்டருக்கு முயல், குட்டிகள், கண்ட நோய், செய்த வேலை, அந்த மாத மழை என்று ஒரே வரியில் எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்த வரியைப் பார்த்தே ராபிட்ஸ்கேனிலும் பதிந்துவிடலாம். முயல் எதுவும் காணாத மாதத்தில் 'இல்லை' என்று எழுத மறக்காதீர்கள். வெற்றிடமாக விட்டால், பார்த்து இல்லையா, பார்க்கவே இல்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

அறுவடை முடிந்து கோடையில் மண் உலர்ந்து, முயல் எண்ணிக்கையும் குறைந்திருக்கும் சமயமே வளைகளை உழுது உடைப்பதற்கு ஏற்றது. எந்த வளையை முதலில் உடைப்பது என்பதை இந்தத் தாளே சொல்லும். அதிக இழப்புக் காட்டிய கூண்டு வரிசை எதுவோ, அதற்கு அருகில் புழக்கத்தில் உள்ள வாய்கள் மிகுதியாக உள்ள வளையிலிருந்து தொடங்குங்கள். உடைத்து ஒரு மாதம் கழித்துப் போய், மறுபடியும் திறந்த வாய் எத்தனை என்று எண்ணி எழுதிவிட்டு, அடுத்த விதைப்புக்குக் கூண்டு வைக்க அதே இடங்களில் முளைகளை அடித்து வையுங்கள்.